மைனி வைத்த தண்ணீர்

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நடுவில் அறுத்து, கீழ்ப்பாதியை மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தாள் மைனி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அறுத்த விளிம்பு மாட்டின் கழுத்தைக் கீறிவிடக் கூடாதென்று பழைய சைக்கிள் டியூபை நெடுக வெட்டி அதன்மேல் சுற்றியிருந்தாள். காலையில் பால் கறந்து முடித்ததும் அந்தத் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். வெயில் ரப்பர் மரங்களுக்கு இடையே சரிந்து அதன்மேல் விழும்போது தண்ணீரின் முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மின்னும். அந்த மினுமினுப்புதான் மைனியை ஊருக்கு முன்னால் நிறுத்திவைக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் ஐஸ் கம்பெனி, மகாராஷ்டிராவில் ரோட்டு வேலை என்று திரிந்து, ஜல்லி லாரியிலிருந்து விழுந்து கை ஒடிந்து ஊருக்குத் திரும்பியிருந்தேன். அண்ணன் சவுதியில், தமாமில் இருந்தான். குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர்த் தோட்டத்துக்குள் வீடு. மைனி என் கையின் மாவுக்கட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "வந்தியா? இந்தத் தடவை கை கூடுத வரைக்குமா, அதுக்கு முன்னயே ஓடிருவியாலே?" என்று கேட்டுவிட்டு இலை போட்டாள். கை கூடியதும் பால் கேனை ஸ்கூட்டரில் வைத்து ஜங்ஷனுக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது.

அந்தச் சமயம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கம்பெனி பால் எடுக்க ஆரம்பித்திருந்தது. புல் மேய்ந்து வளரும் மாட்டின் பாலை மட்டும் தனியாக விற்கிற கம்பெனி. சொன்னதை அப்படியே நம்பமாட்டார்கள். பாலில் இருக்கும் கொழுப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். "தீவனம் போடுவீங்களா?" என்று பால் எடுக்க வந்த கம்பெனி வண்டிக்காரர் கேட்டபோது மைனி, "புல்லு மட்டுந்தான். வேற ஒண்ணும் போடமாட்டேன்" என்றாள். உண்மைதான். சாக்குத் தீவனம் எங்கள் படி ஏறியதே இல்லை. ஆற்றங்கரையிலும் தோட்டத்திலும் நான்கு பசுக்களும் மேய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காலை, பால் கொண்டுவந்த பெண்கள் எல்லோரும் நிற்கும்போது, வண்டிக்காரர் எங்கள் கேனை மட்டும் எடுக்காமல் ஒதுக்கி வைத்தார். "இதில தேங்காய்க் கொழுப்பு இருக்கு. எண்ணெய் கலந்த மாதிரி வருது." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் சுற்றி வந்தவன், கேனைச் சுமந்தவன். சந்தேகம் முதலில் என்மேல்தான் விழும். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. செய்யாத வேலைக்கு அடியே வாங்கியிருக்கிறேன். வீட்டில் வந்து சொன்னதும் மைனி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஏதாவது செய்தியாலே?"

"இல்ல மைனி."

"செரி." அதற்குப் பிறகு என்னிடம் அதை அவள் கேட்டதே இல்லை. "பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் நம்ம பாலாக்கும் போகுது. இனி எந்தப் பிள்ளைக்கு வயிறு நொந்தாலும் என் பேரைத்தான் சொல்லுவாவ" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. ஓயாமல் பேசுகிறவள் மாட்டிடம்கூடப் பேசாமல் கறந்தாள்.

பிறகு அவளே கம்பெனிக்கு போன் போட்டாள். "நீங்களே வந்து மடியிலேருந்து கறந்து கொண்டுபோங்க" என்றாள். வந்தது ஓர் இளம்பெண். பால் சோதிக்கும் இடத்தில் வேலை, மலையாளம் கலந்த தமிழ். ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனிக் குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டாள். மாடு தின்பதெல்லாம் பாலின் கொழுப்பில் தன் அடையாளத்தை விட்டுப் போகும், புல்லுக்கு ஒன்று, சோளத்துக்கு ஒன்று, தேங்காய்க்கு ஒன்று என்று பொறுமையாகச் சொன்னாள். அமிலங்களின் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை.

சோதித்துப் பார்த்தால் அதே முடிவு. புல் இருக்கிறது, தேங்காயும் இருக்கிறது. கேனில் யாரும் கலக்கவில்லை. பசு மடியிலிருந்தே வருகிறது. அந்தப் பெண்ணுக்கும் ஆச்சரியம். விடியற்காலையில் மறுபடி வந்து தொழுவத்துப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மைனி கறந்தாள். ஊறவைத்த தேங்காய்ப் புண்ணாக்கை வாளியிலிருந்து அள்ளித் தொட்டியில் போட்டு, கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினாள்.

"சேச்சி, இது எந்தா?"

"தண்ணி."

"தண்ணியில?"

"புண்ணாக்கு."

"தீவனம் ஒண்ணும் கொடுக்கிறதில்லன்னு சொன்னீங்களே!"

"தீவனம் எங்க குடுத்தேன்? தண்ணிதான குடுக்கேன்?"

மைனி பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் என்றாலே புண்ணாக்கு கலந்த தண்ணீர்தான். வீட்டுத் தேங்காயைச் செக்கில் கொடுத்தால் எண்ணெயோடு புண்ணாக்கும் திரும்பி வரும். அது நேரே தொட்டிக்குப் போகும். வந்தவருக்குக் கொடுத்த டீயை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? அந்தப் பெண் சிரித்தாள். மைனி சிரிக்கவில்லை. "மக்களே, இதை நீ ஜங்ஷன்ல வந்து சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். பால் வண்டி பக்கத்தில், எல்லாப் பெண்களும் கேட்க, இந்தப் பாலில் யாரும் எதையும் கலக்கவில்லை என்று சொன்னாள். மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, புண்ணாக்கை நிறுத்தினால் கொஞ்ச நாளில் பாலில் தேங்காய் மறைந்துவிடும், கம்பெனி மறுபடி எடுத்துக்கொள்ளும் என்றாள்.

மறுநாள் மைனி தொட்டியில் வெறும் தண்ணீர் விட்டாள். சிவப்புப் பசு மூக்கை வைத்து ஊதியது. பிறகு தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. "பாக்குது பாரு, ஏமாத்திட்டேன்னு" என்று சொல்லி, புண்ணாக்கு வாளியை எடுக்கப் போய்விட்டாள். பால் பழையபடி டீக்கடைக்கும் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் போனது. கம்பெனி வண்டி எங்கள் முக்கில் நிற்காமல் போகும். மைனி அதைப் பார்த்துக் கை காட்டுவாள்.

மழை முடிந்ததும் நான் ஓசூருக்குப் போய்விட்டேன், அதற்கப்புறம் எங்கெங்கோ. இப்போது மாடுகள் இல்லை. மைனிக்கு முழங்கால் வலி, அண்ணனுக்குச் சர்க்கரை. போன மாதம் போனபோது அந்த நீலத் தொட்டி கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். மைனி சூடாகச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் யாருக்கும் வெறும் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பால் சோதிச்ச பிள்ளை உன் ரத்தத்தை எடுத்துப் பாத்தா எந்தெந்த ஊரு ஓட்டல்ல தின்னேன்னு சொல்லிருவாலே" என்றாள்.

"வீட்டுச் சோறும் தெரியும் மைனி."

"எங்க, கொஞ்சமாத்தான் தெரியும்" என்று தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெயில் ஏற ஏற, தொட்டியின் விளிம்பில் சுற்றியிருந்த டியூபிலிருந்து மெல்லப் புண்ணாக்கு மணம் வந்தது.