கண்மாய்க் கிரவுண்டும் என் காதும்

நான்காம் வகுப்பு முடிகிற வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. அதற்குக் காரணம் ஒரு கால்பந்துக் கழகம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வகுப்பில் மற்றப் பெண்பிள்ளைகள் தோடும் ஜிமிக்கியுமாக வருவார்கள். நான் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இரண்டைப் பிய்த்துக் காதில் ஒட்டிக்கொண்டு போவேன். மத்தியானத்துக்குள் வேர்வையில் ஒன்று கழன்று தோளில் விழுந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் ஒற்றைத் தோட்டுக்காரி என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கைக்குழந்தையாக இருந்தபோதே குத்தியிருக்கலாம்தான். முதலில் தாத்தா தவறிப்போனார். அடுத்த வருஷம் மழை இல்லை. அதற்கடுத்து மாமா பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டார், மடியில் பிள்ளையை உட்கார வைக்க முடியாது என்று தள்ளிப்போட்டார்கள். காது குத்தவேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும், எங்கள் பக்கம் அதற்கு மாற்றுக் கிடையாது. இப்படியே வருஷங்கள் ஓடி, கடைசியில் இந்தச் சித்திரையில் கட்டாயம் என்று பேசி முடித்தார்கள். பேசி முடித்த கையோடு கழகம் இரண்டாகப் போனது. மாமா கரிசல் சிங்கம் கால்பந்துக் கழகத்தின் தலைவர், அப்பா அதன் செயலாளர்.

திருச்சுழி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகவேண்டிய ஊர் எங்களுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விளையாட்டு வாத்தியார் மாமாவின் வயசுக்காரர்களுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போனார். அவர் போய்விட்டார், கிறுக்கு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. கிரவுண்டு என்று தனியாக எதுவும் இல்லை. கண்மாய்தான் கிரவுண்டு. மாசியில் தண்ணீர் வற்றியதும் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும், பந்து வெடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே மண்வெட்டியோடு இறங்கி வெடிப்புகளை மணல் போட்டு மூடும். பிறகு தண்ணீர் தெளித்து, ஊர் ஆடுகளையெல்லாம் அதன்மேல் ஓட்டி மிதிக்கவிடுவார்கள். ஆடு மிதித்த தரைதான் கெட்டிப்படும் என்பது மாமாவின் கட்சி. ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பினால் கோல் போஸ்ட்டின் மேல்கம்பு மட்டும் வெளியே தெரியும், அதில் கொக்கு உட்கார்ந்திருக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும், ஃபைனல் முடிந்த மறுநாள் பெய்யட்டும் என்று நாள் குறித்துக் கொடுத்து வேண்டிக்கொள்வார்கள்.

ஆட்டம் பார்ப்பதற்குக் கண்மாய்க் கரையைப்போல ஓர் இடம் கிடையாது. சரிவில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. நடுக்கோட்டுக்கு நேராகக் கரைமேல் அய்யனார் கோயில், பக்கத்தில் பூவரச மரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கமாகக் கரை நிறைந்துவிடும். அம்மாவும் வருவாள், ஆட்டை ஓட்டிக்கொண்டு.

அந்த வருஷம் பந்தல்குடி ரோட்டில் மில் வைத்திருந்த ஒருவர், மில்லுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் கட்டிய இடம் ஒன்றைக் கழகத்துக்குத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். லைட்டு உண்டு, போர் தண்ணீர் உண்டு, புல்லே போட்டுத் தருவாராம். பதிலுக்குக் கழகத்தின் பெயருக்கு முன்னால் மில்லின் பெயர் வரவேண்டும், தலைவர் நாற்காலியில் அவருடைய மகன் உட்காருவான். அந்த மகனுக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று மாமா சொன்னார். வருஷத்தில் பாதி நாள் தண்ணீருக்குள் கிடக்கிற கிரவுண்டை வைத்துக்கொண்டு எந்தக் காலத்தில் லீக்கில் சேருவது என்று அப்பா சொன்னார். சலூனில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் இருவருமே எழுந்து நின்று பேசினார்கள், இருவருமே உட்காராமல் வெளியே போனார்கள்.

அதன் பிறகு ஊரில் வேறு பேச்சே இல்லை. சலூன் வாசலில் எப்போது பார்த்தாலும் நாலு பேர்.

"லைட்டு போட்டா ராத்திரி மேட்சு வைக்கலாம்லே. மதுரைலருந்து டீமு வரும்."

"மதுரைக்காரன் வருவான். நீ எப்பிடிலே திரும்பி வருவ? கடேசி பஸ்ஸு போயிருமே."

"மில்லுப் பேரப் போட்டா பனியனு, பூட்ஸு எல்லாம் ஓசிலே."

"அப்ப சிங்கத்தை என்ன செய்ய? மில்லுல நூல் நூக்கச் சொல்லுவமா?"

மேலத்தெருப் பெரியம்மா ஒருநாள் அந்த வழியாகப் போனவர் நின்று கேட்டார்: "அங்கன செவரு வச்சிருக்காகளாமே, ஆட்டோட போனா எங்கள உள்ள விடுவாகளா?" அதற்கு இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்துச் சமாளித்தார்கள்.

வாட்ஸ்அப்பில் கழகத்துக்கு ஒரு குழு இருந்தது. அதிலிருந்து அப்பா வெளியேறி 'புதிய கரிசல் சிங்கம்' என்று ஒன்று தொடங்கினார். மாமா உடனே பழைய குழுவின் பெயரை 'ஒரிஜினல் கரிசல் சிங்கம்' என்று மாற்றினார். இரண்டிலும் இருந்த ஒரே ஆள் சலூன்கார அண்ணன், ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் முடி வளரும். இரண்டு சிங்கங்களாலும் பந்து விளையாட முடியவில்லை. ஊரில் கோல் கீப்பர் ஒருத்தன்தான் இருந்தான், அவன் யார் பக்கமும் சேராமல் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என் கவலை என் காது. சித்திரை பிறந்துவிட்டது, மாமா எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. தினமும் எங்கள் வீட்டில் காபி குடித்துப் பழகியவர், இப்போது சுற்றுவழியில் போனார். "யாராச்சும் ஒரு பெரியாளு மடில உக்கார வச்சிக் குத்திருவோமே" என்று அப்பா ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா ரசச் சட்டியைத் தரையில் வைத்த சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"எங்கண்ணன் மடில உக்காராம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசாட்டி அவ மொட்டக் காதோடயே மணவறைக்குப் போகட்டும்."

நான் ஓவென்று அழுதேன். ஸ்டிக்கர் பொட்டோடு கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது. அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அய்யனாருகிட்டப் பூப்போட்டுக் கேட்டுருவோம். அவரு சொன்னா ரெண்டு பேரும் கேப்பீகள்ல?"

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று முடிவுக்கு வராத காரியங்களை இப்படித்தான் கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு இலையில், வெள்ளைப் பூ ஒரு இலையில் மடித்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். செவ்வரளி வந்தால் கிரவுண்டு கண்மாயிலேயே இருக்கும், நந்தியாவட்டை வந்தால் பந்தல்குடி ரோடு என்று பேசிக்கொண்டார்கள். பூவை யார் கட்டுவது என்பதில் மறுபடியும் தகராறு. ஒரு கட்சி ஆளை மறு கட்சி நம்பவில்லை. கடைசியில் தலைவருக்குத் தங்கை, செயலாளருக்குப் பெண்டாட்டி என்பதால் அம்மா ஒருத்தியைத்தான் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. எடுக்கிற பிள்ளை நான்.

முந்தின நாள் சாயங்காலம் மாமா கொல்லைப்புறமாக வந்து அம்மாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், "என்ன தாயி, எந்த டிசைன்ல தோடு வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து, வழக்கமே இல்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். என்னைக் கடைக்குப் போய்க் கடுகு வாங்கி வரச் சொன்னார். டப்பா நிறையக் கடுகு இருந்தது. நான் திரும்பி வந்தபோது அம்மா தனியாக உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது குத்தப்போகிற சந்தோஷம் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலையில் கரை கொள்ளாத கூட்டம். ஃபைனலுக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. பூசாரி இரண்டு பூவரச இலைப் பொட்டலங்களையும் அய்யனார் காலடியில் உருட்டிவிட்டு, விபூதி பூசி என்னை உள்ளே அனுப்பினார். எதை எடுத்தாலும் எனக்கு ஒன்றுதான், மாமா மடி கிடைத்தால் போதும். கிட்டத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

மாமா கட்சியில் ஒருத்தன் விசிலடித்தான். பூசாரி மற்றப் பொட்டலத்தையும் பிரிக்கக் கையை நீட்டியபோது, "கேட்டதுக்குத்தான் சொல்லியாச்சே, அத எதுக்குப் பிரிச்சிக்கிட்டு?" என்று சொல்லி அம்மா அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். நான் மாமாவைப் பார்த்தேன். ஜெயித்த மாமா பேயறைந்தவர்போல நின்றார். பூவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் அய்யனாரையே பார்த்தார். தோற்றுப்போன அப்பாவோ வாயெல்லாம் பல்லாக வந்து மாமாவின் தோளில் கை போட்டார்.

"என்ன மச்சான், செயிச்சவுக மூஞ்சியா இது?"

"இல்ல மாப்ள… நீங்க தலைவரா இருங்க. நான் வேணாம்."

"அட, நீங்கதான் மச்சான் இருக்கணும்."

அதிலும் ஒரு சண்டை வரும்போல இருந்தது. சலூன்கார அண்ணன்தான், பிள்ளைக்குக் காது குத்துகிற நாளை முதலில் முடிவு செய்யுங்கள் என்று பேச்சை மாற்றினார். அந்த அண்ணன் நன்றாக இருக்கவேண்டும்.

சித்திரை முடிவதற்குள் அதே அய்யனார் முன்னால் மாமா மடியில் உட்கார்ந்தேன். முதல் காதைக் குத்தியபோது மாமாவின் கையைக் கடித்தேன். இரண்டாவது காதுக்கு அப்பா வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வலி பொறுக்காமல் நான் போட்ட கூச்சலைவிட மாமா போட்ட கூச்சல்தான் பெரிது. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத அவர், அன்றிலிருந்து விபூதிப் பட்டையடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் அய்யனாருக்கு விளக்குப் போட ஆரம்பித்தார். மருமகளின் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் பக்தி வந்தது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை. கரையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். கீழே அப்பாவும் மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர் டீம் பையன் பந்தோடு ஓடினான். பக்கத்திலிருந்து, "ஆப்சைடு" என்று ஒரு குரல். அதற்கப்புறம்தான் விசில் ஊதினார்கள். திரும்பிப் பார்த்தால் சொன்னது அம்மா.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எத்தன வருசமாப் பாக்குறேன், இதுகூடவா தெரியாது?" என்றவள், கீழே பெஞ்சைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தப் பூ விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் கொல்லைப்புறமாக வந்த மாமா, "ரெண்டுலயும் வெள்ளையவே வச்சிரு தாயி, மாப்ள செயிச்சிட்டுப் போகட்டும், பிள்ளைக்குக் காது குத்தணும்ல" என்றாராம். வெங்காயம் உரிக்க வந்த அப்பா, "ரெண்டுலயும் செகப்பையே வையி, மச்சான் மனசு விட்டுப்போயிருவாரு" என்றாராம். வெளியே தெரியாமல் தோற்றுப்போவதற்கு இருவரும் ஒரே ஆளிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

"நீ என்ன வச்ச?"

"ரெண்டுலயும் செகப்புத்தான்."

"அப்பா சொன்னதாலயா?"

"அவுக சொல்லாட்டியும் அதத்தான் வச்சிருப்பேன். பந்தக்குடிக்குப் போயிட்டா நான் எப்பிடி மேட்சு பாக்க? ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு."

"மாமா கேக்கலையா, வெள்ளை எப்படிச் சிவப்பாச்சுன்னு?"

"கேட்டாக. சாமி மாத்திருச்சு அண்ணேன்னு சொல்லிட்டேன்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாமி பெயரைச் சொல்லி இப்படிச் செய்யலாமா என்று கேட்டதற்கு, அவருக்கு மட்டும் ஆளில்லாத கண்மாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆசையா என்று கேட்டாள். அதற்குள் எங்கள் பையன் ஒருவன் பந்தை வெளியே அடித்துவிட, எழுந்து நின்று அவனைத் திட்டப் போய்விட்டாள்.

அவள் திட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த வருஷம் ஊரில் எல்லோரிடமும் போய்க் கேட்டார்கள். சலூனில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், பந்தையே பார்த்திராத கிழவர்களிடம்கூடக் கேட்டார்கள், கடைசியில் அய்யனாரையும் கேட்டார்கள். கிரவுண்டு எங்கே இருக்கவேண்டும் என்று அம்மாவிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.