நாலு நாற்பது என்று எழுதிய போத்தல்

பின்னேரம் நாலு மணி நாற்பது நிமிடம். எங்கள் வீட்டில் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கிய நேரம் அதுதான். இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், என் மூத்த மகள் அந்த நேரத்தைத் தன் கையாலேயே ஒரு தண்ணீர்ப் போத்தலில் எழுதி வைத்திருந்ததுதான். அப்போது நான் நகரத்தின் மறுபக்கத்தில், நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலிய எசமானியின், சிஞ்ஞோராவின், வீட்டில், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியின் பலெர்மோ நகரில் அல்பெர்கேரியாச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய சந்தில் குடியிருந்தோம். என் கணவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலை செய்தார். கோடைகாலத்தில் அவரை நாங்கள் தூக்கத்தில்தான் கண்டோம். மூத்தவளுக்குப் பதினேழு வயது, சின்னவளுக்கு ஐந்து. மேல்மாடியில் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா தனியாக இருந்தார். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் சின்னவளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அக்காவிடம் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, இல்லை. அது எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

அந்த ஊரில் அப்போது குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். கூரையில் தொட்டி உள்ளவர்கள் பிடித்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் கட்டடத்துத் தொட்டி வெடித்துக் கிடந்தது. அதனால் சந்து முனையிலுள்ள பொதுக் குழாயில் அள்ளி வந்து, காய்ச்சி, ஆறவைத்துக் குடித்தோம். காய்ச்சாமல் ஒருவரும் குடித்ததில்லை.

மூத்தவள் அந்த வருடம் சுற்றுச்சூழலுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பில் சேர்ந்திருந்தாள். அதன் தலைமை அலுவலகம் பிரசல்ஸில். பொதுக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஓடும் பழைய மலக்குழாய்கள் உடைந்து தண்ணீரில் கலக்கின்றன என்பது அவர்களுடைய வாதம். நகரசபை இல்லை என்றது. ஆகவே மாதிரித் தண்ணீர் எடுத்து, பரிசோதித்து, ஐரோப்பியத் தண்ணீர் விதிகள் மீறப்படுகின்றன என்று பிரசல்ஸிலேயே உள்ள ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பப் போகிறார்களாம். நல்ல காரியம்தான். நல்ல காரியம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் ஊரிலும் கண்டிருக்கிறேன்.

அவர்களுடைய பொறுப்பாளர் வடக்கே ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த பெண். உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. இத்தாலிய மொழியை என்னைவிடக் கொஞ்சம்தான் நன்றாகப் பேசினாள். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது நான் தேநீர் கொடுத்தேன். அவள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள் என்று கேட்டாள். பிறகு, இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள். சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டவர்களைச் சீருடையோடும் பார்த்திருக்கிறேன், சீருடை இல்லாமலும் பார்த்திருக்கிறேன். குவெஸ்தூராவில், வெளிநாட்டவர்களின் பத்திரங்களைப் பார்க்கும் அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

"ஆற்ற காசில வந்திருக்கிறியள் எண்டு கேள்," என்றேன் மகளிடம்.

"அம்மா, அப்பிடி ஆக்களிட்டைக் கேக்கிறேல்லை."

"நீ கேள்."

அவள் முகம் சிவக்கக் கேட்டாள். வந்தவள் கோபப்படவில்லை. அங்கத்தவர்களின் சந்தா, கொஞ்சம் பிரசல்ஸ் தரும் உதவி என்றாள்.

"பிரசல்ஸ் குடுக்கிற காசில பிரசல்ஸுக்கே முறைப்பாடோ?" என்றேன். "அப்ப ஆர் ஆரைக் காவல் காக்கினம்?"

வாசலில் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "எங்கட சங்கக்கடையும் அப்பிடித்தானே தங்கச்சி நடந்தது. களவெடுக்கிறவரும் அவர், கணக்குப் பாக்கிறவரும் அவர்."

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

அக்காவின் தண்ணீரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவர் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய், பாதிரியாரிடம் ஆசீர்வாதம் வாங்கி வருவார். பலெர்மோவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் செய்வதுதான் அது. சைவ சமயத்தவரும் ஏறுவார்கள். அக்காவிடம் குளிர்ப்பெட்டி கிடையாது. ஆகவே போத்தல் எங்கள் வீட்டில்தான் இருக்கும், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரில் ஒரு துண்டு ஒட்டி, மலைக்குப் போன நாளை எழுதியபடி. வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், நெற்றியில் தொட்டு ஒரு மிடறு கொடுப்பார். டொக்டர் அதற்குப் பிறகுதான்.

அன்று மூத்தவள் அமைப்பு கொடுத்த போத்தலில் சந்து முனைக் குழாயில் மாதிரி எடுத்தாள். பொறுப்பாளர் குளிர்ச்சிப் பெட்டியோடு உடனே வந்து வாங்கிப் போகவேண்டும். ஆனால் அவள் நகரசபையில் ஒரு கூட்டத்தில் அகப்பட்டு, ஏழு மணிக்குத்தான் வருவேன் என்று தொலைபேசியில் சொன்னாள். போத்தலில் அவர்கள் ஒட்டியிருந்த தாள் நனைந்து உரிந்துவிட்டது. மகள் மேசையில் கிடந்த அக்காவின் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, எடுத்த நேரத்தை, நாலு நாற்பது என்று, எழுதி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டாள்.

ஆறு மணியளவில் சின்னவளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. அக்காவுக்குக் கிட்டப் பார்வை குறைவு, கண்ணாடியும் போடமாட்டார். வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிய போத்தலை எடுத்தார். செபம் சொன்னார். ஒரு மிடறில்லை, பிள்ளை தாகம் என்று கேட்டதால் ஒரு குவளை நிறையக் கொடுத்தார்.

நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, நூலகத்திலிருந்து திரும்பியிருந்த மூத்தவள் குளிர்ப்பெட்டியைத் திறந்தபடி கத்தினாள்.

"இதில ஆர் குடிச்சது?"

"நான்தான் பிள்ளை, சின்னவளுக்குக் குடுத்தனான். என்ர தண்ணிதானே."

"உங்கட தண்ணி அங்காலை பின்னுக்கு இருக்கு, பெரியம்மா! இது றோட்டுக் குழாய்த் தண்ணி!"

அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "என்ர மாதாவே," என்றார். சின்னவள் கட்டிலிலிருந்து, "பெரியம்மான்ர தண்ணி இண்டைக்கு நல்லாயில்லை," என்று முறையிட்டாள்.

அந்த நேரம்தான் பொறுப்பாளர் படியேறி வந்தாள். மகள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கண் முதலில் எங்கே போனது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தலுக்குத்தான் போனது. அதன் பிறகுதான் பிள்ளையிடம் வந்தது. மிச்சத் தண்ணீரைத் தாருங்கள், இன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினாள்.

நான் போத்தலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். "இது என்ர பிள்ளை குடிச்ச தண்ணி. இது இஞ்சை இருக்கட்டும்."

அவளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கியது. எத்தனை கூட்டம் போட்டாலும் நகரசபை அசையாது. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று நோயாய்க் கிடக்கும் படம் பத்திரிகையில் வந்தால் அசையும். படம் வந்தால் பெயர் வரும். பெயர் வந்தால், தண்ணீரைக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். அக்காவை விமானத்தில் ஏற்றுவதற்கு அந்தக் கேள்வி ஒன்றே போதும்.

அடுத்த நாள் மத்தியானம் சின்னவளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. பின்னேரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றினார்கள். சம்பந்தம் இல்லாதது போல அவள் மேலே தொங்கும் பையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இளம் டொக்டர் ஒருவர் என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். எங்கள் பரிசோதனை முடிவு வரச் சில நாளாகும், அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று முன்கூட்டியே தெரிந்தால் எனக்கு உதவி என்றார். தண்ணீரைப் பரிசோதிக்கும் இடம் ஆஸ்பத்திரியில் இல்லையாம்.

நடைக்கூடத்தில் மகள் என் கையைப் பிடித்தாள். "குடுங்கோம்மா. அவையிட்டை ஆய்வுகூடம் இருக்கு."

"குடுத்தா நாளைக்குப் பேப்பரில வரும்."

"வராது. நான் அவவிட்டைச் சொல்லுறன்."

"நீ சொன்னா அவ கேப்பாவோ? அவவுக்கு நீ ஆர்? இலவசமாப் போத்தல் நிரப்பிக் குடுக்கிற ஒரு பெட்டை."

அவள் கையை விட்டாள். "உங்களுக்கு எல்லாரும் சி.ஐ.டிதான். பால்காரனும் சி.ஐ.டி, பாதிரியாரும் சி.ஐ.டி. நான் கூட ஒரு நாளைக்கு சி.ஐ.டி ஆவன். தங்கச்சிக்கு என்னெண்டு தெரிய வேண்டாமோ?"

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பையைத் திறந்தேன். போத்தலை அவளிடம் கொடுத்தேன். பெயர் சொல்லக்கூடாது, வீடு சொல்லக்கூடாது, பெரியம்மாவைப் பற்றி மூச்சும் விடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லும்போதே, இந்த மூன்றும் அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே தெரியும் என்பதும் மனதில் ஓடியது.

மறுநாள் காலை உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனேன். சந்து முனையில், குழாயடியில், கமரா வைத்திருந்த ஒருவன் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். சுற்றி நாலைந்து பெண்கள். ஒருத்தி எங்கள் மாடியைக் கையால் காட்டினாள். என்ன சொல்லிக் காட்டினாள் என்று தெரியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

நான் பின்வாசலால் ஏறினேன். அக்காவின் கதவைத் தட்டி, "வெளிக்கிடுங்கோ," என்றேன். "ஒரேத்தோத் தெருவில உங்கட ஊர்ப் பிள்ளை இருக்கிறாளெல்லோ, அங்கை போய் நில்லுங்கோ. நான் சொல்லும்வரை வர வேண்டாம்."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையாவது தடவையோ, ஒரு பையில் அடங்குவதை எடுத்துக்கொண்டார். "சின்னவளுக்கு ஒண்டும் ஆகாது தங்கச்சி," என்று மட்டும் சொன்னார், "நான் திரும்பவும் மலையேறுறன்." மலை என்றதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின்வாசலால் அவரை அனுப்பினேன். மூத்தவளுக்கு மட்டும்தான் சொன்னேன்.

அன்று முழுவதும் பிள்ளையின் கட்டிலருகில் இருந்து, அறைக்குள் வருகிற ஒவ்வொருவரின் தோளையும் பார்த்தேன், கமரா தொங்குகிறதா என்று. தாதி ஒருத்தி பிள்ளையின் குடும்பப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். மருந்துக்கு என்றாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். சின்னவளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொண்டுபோனால், "நொன் வோல்யோ, வேண்டாம்," என்று முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் என்றாலே அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

அடுத்த நாள் நோயாளர்களைப் பார்க்கும் நேரத்தில் பொறுப்பாளர் வந்தாள். தனியாக வந்தாள். குளிர்ச்சிப் பெட்டி இல்லை, கைப்பை கூட இல்லை. முதலில் டொக்டரிடம் போய், ஆய்வுகூடத்து முடிவைக் கதவருகில் நின்று சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார், பிறகு தாதியைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னார். எனக்குக் கிட்ட வந்து, இனிப் பயமில்லை, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

அந்தப் பெண் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கமராக்காரன் யார் என்று கேட்டேன். எங்கள் ஆள்தான், குழாயை மட்டும்தான் எடுத்தான் என்றாள். அதை நான் நம்பினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பத்திரிகையில் குழாயின் படம் மட்டும் வந்தது என்பது உண்மை. பிறகு அவள், மகள் மொழிபெயர்க்கத் தேவையில்லாதபடி, எளிய இத்தாலியச் சொற்களாகத் தேடித் தேடிப் பேசினாள். அதில் எவ்வளவு இரக்கம், எவ்வளவு அவர்களுடைய விதி என்று இத்தனை வருடமாகியும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"திறந்த போத்தலை எங்கள் முறைப்பாட்டில் சேர்க்க முடியாது. அதனால் யார் குடித்தது, யார் கொடுத்தது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அதே குழாயில் நாளைக்கு வேறொன்று எடுப்போம். மேல்மாடி அம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்."