வரைபடத்தில் விட்ட இடம்

அலவத்துகொடையில் தையல் மெஷின் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் பாடசாலை தொடங்கப் போகிறதென்றால், தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பது பஸீஹாவின் வாசலில்தான். பிள்ளை இந்த வருடம் எவ்வளவு வளரும் என்று அளவெடுக்கும்போதே யோசித்து, மடிப்புக்குள் துணி விட்டுத் தைப்பாள். அந்தச் சட்டை இரண்டு வருடத்துக்கு நின்று பிடிக்கும். "இப்பிடித் தெச்சா ஒங்களுக்கு எப்பிடி யாவாரம் நடக்கும்?" என்று யாராவது கேட்டால், "புள்ளயள் வளந்தாச் சரிதானே" என்பாள். கடைக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டும் வியாபாரப் புத்தி அவளுக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

புருஷன் ஸெய்னுலாப்தீனுக்கு மாத்தளை வீதியில் ஹாட்வெயார் கடை. நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். ஒரு கிலோ ஆணி கேட்டால் ஆணி கிடைக்கும், பேச்சு கிடைக்காது. வீட்டிலும் அப்படித்தான். வீட்டில் பேச்சையெல்லாம் பேசி முடித்தது மூத்தவன் அஸ்ஃபர். அவன் இருந்தவரைக்கும் இளையவள் ஜஹானாவுக்குக்கூட வாய் திறக்க இடம் கிடைத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன், இருபது வயதில், டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. ஒரு கிழமைகூடப் படுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தையல் மெஷின்தான் பேசிக்கொண்டிருந்தது.

இறந்தவர்களை அடக்கும் ஊர் மையவாடி அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மேலே பள்ளிவாசல், கீழே சரிவில் மையவாடி, நடுவில் இவள் வீடு. பலா மரங்களும் ஒரு மதிலும் மறைப்பதால் வீட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெண்கள் அங்கே போவதில்லை. யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை; வழக்கம் இல்லை, அவ்வளவுதான். மகனைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி கேற்றைத் தாண்டி வளைவில் திரும்பும் வரைக்கும் பஸீஹா பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்பால் அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. மேட்டிலா, பள்ளத்திலா, பக்கத்தில் யார், வெயில் படுமா, எதுவும் தெரியாது. பெற்ற பிள்ளை படுத்திருக்கிற இடம் தெரியாமல் ஒரு தாய் எப்படித் தூங்குவாள்? பஸீஹா சரியாகத் தூங்கி மூன்று வருடமாகிறது.

ஸெய்னுலாப்தீன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகும் அங்கே போய் வருவார். ஒரே ஒரு தரம், சோறு வைத்துக் கொடுத்துவிட்டு, "எந்தப் பக்கம் ஈக்கிறான்?" என்று கேட்டாள். கையில் எடுத்த பிடியைப் பீங்கானிலேயே வைத்துவிட்டு அவர் எழும்பிப் போய்விட்டார். அதோடு அவள் கேட்பதை விட்டாள். அவருக்கு வலிக்குமென்று அவளும், அவளுக்கு வலிக்குமென்று அவரும், ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் ஊர்ப் பிள்ளைகள் ஊரைக் காப்பாற்றப் புறப்பட்டார்கள்.

புறப்பட்டவர்கள் முதலில் செய்தது சங்கத்துக்குப் பெயர் வைப்பது. 'இளைஞர்' முன்னால் வருவதா, 'சுற்றாடல்' முன்னால் வருவதா என்று வாட்ஸ்அப்பில் அடிபட்டு, இரண்டு பேர் குழுவை விட்டுப் போய், அடுத்த நாளே திரும்பி வந்தார்கள். பெயரில்தான் விளையாட்டு, வேலையில் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மையவாடிச் சரிவு கரைந்து, செம்மண் கீழே ஓடையில் போய் விழுகிறது. கடைசி மாரியில் மதிலில் ஒரு பக்கமே சாய்ந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த வெட்டிவேரும் மரமும் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்பும் நட்டிருக்கிறார்கள். நட்டு, போட்டோ எடுத்து, பேஸ்புக்கில் போட்டு, பெப்ரவரி வெயிலில் அத்தனையையும் காயவிட்டிருக்கிறார்கள்.

இந்த முறை யோசனை ஜஹானாவுடையது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி எல்லோரும் வுழூ எடுக்கிற தண்ணீர் பள்ளிவாசலில் இருந்து வீணாகக் கானுக்குள் போகிறது. அதைக் குழாயில் இறக்கி மையவாடி மரங்களுக்குப் பாய்ச்சினால் என்ன? அழுக்கில்லாத தண்ணீர், அதுவும் நாள் தவறாமல் வருகிற தண்ணீர். பள்ளி நிர்வாகத்தினர் தாடியைத் தடவிக்கொண்டு, நல்ல விஷயம்தான், திட்டத்தைத் தாளில் போட்டுக் கொண்டு வாங்க, பார்ப்போம் என்றார்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்த கூட்டம் என்பதால், பெரியவர்கள் இருக்கிற ஒரு வீட்டில் கூடுவதுதான் சரியென்று முடிவாயிற்று. "எங்கட வீட்டுக்கு வாங்க" என்று ஜஹானா சொல்லிவிட்டு வந்து, உம்மாவின் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தாள். பஸீஹா மேசையிலிருந்த துணிகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். பிறகு மா பிசையப் போனாள்.

முதல் நாள் எல்லோரும் உள்ளே வந்த பிறகும் ஸிபான் வாசலிலேயே நின்றான். அஸ்ஃபரின் கூட்டாளி. ஒரு காலத்தில் இந்த வீட்டுக் குசினி வரைக்கும் வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவன். அஸ்ஃபர் மவுத்தான பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது நில அளவை படிக்கிறான். சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். பஸீஹா அவனை நேற்றும் கண்டவள் போல, "செருப்பக் களட்டிட்டு உள்ளுக்கு வாங்க மகன், ரொட்டி ஆறுது" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் கூட்டம் நடந்தது. பஸீஹா அந்தச் சத்தத்துக்காகக் கிழமை முழுக்கக் காத்திருந்தாள். தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைப்பாள், காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்புவாள். கூட்டத்தில் மட்டும் உட்கார மாட்டாள்.

நான்காவது ஞாயிறு, அஸர் தொழுதுவிட்டுக் கூடியபோது எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. குழாய் போகும் வழியை ஸிபான் போட்டிருந்தான். பள்ளிவாசலிலிருந்து பெரிய வீதிக்கு இறங்கி, வளைந்து, மையவாடியின் கேற்றுப் பக்கமாக மறுபடி ஏற வேண்டும். ஏறும் இடத்தில் தண்ணீரைத் தள்ள மோட்டர் வேண்டும். நிர்வாகமோ மோட்டர் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"அப்ப முடிஞ்சிச்சா?" என்றாள் ஜஹானா. "நாலு கெழமயா இதுக்கா கத்தினோம்? வேற வழியே இல்லயா ஸிபான் நானா?"

"பாப்போம்" என்றான் ஸிபான். அதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

பஸீஹா கோப்பைகளை வைக்க மேசையருகே வந்தாள். சட்டை வெட்ட அவள் வைத்திருப்பது போன்ற பழுப்புத் தாளில், பென்சிலால் மையவாடியையும் சுற்றியுள்ள வீடுகளையும் முழுதாக வரைந்து விரித்திருந்தார்கள். முந்திய கூட்டங்களில் கணக்கும் பட்டியலும்தான் மேசையில் கிடந்தன. இதை ஸிபான் இன்றுதான் கொண்டு வந்திருந்தான். அவள் கோப்பைத் தட்டை ஒரு கையில் ஏந்தியபடியே நின்றாள்.

"இதா மையவாடி?"

"ஓ சாச்சி." ஸிபான் எழும்பி நின்றான்.

"கேற்று எது?"

அவன் காட்டினான். சந்தூக்கு வைக்கிற கொட்டில், சாய்ந்த மதில், பழைய கப்றுகள், தலைமாட்டில் மீஸான் கட்டை நட்ட வரிசைகள், ஒவ்வொன்றாகக் காட்டினான். அவன் விரல் போன இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. தாளில் மேற்குப் பக்கம், அவள் வீட்டுச் சதுரத்துக்கு நேர் கீழே, ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இஞ்ச ஒண்டும் இல்லயா?"

பையன்களில் ஒருவன் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். பெண் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவர்களும் அந்த இடத்தைக் கண்டதில்லை.

"ஈக்கி சாச்சி" என்றான் ஸிபான். "நாந்தான் கீறல்ல. மூணு தரம் கீறப் பாத்த. ஒங்கட மேசைக்குக் கொண்டு வாற தாள்ல எப்பிடிக் கீறுற?"

அப்போதுதான் பஸீஹாவுக்கு விளங்கியது. இந்த மேசையைச் சுற்றி இருக்கிற பையன்கள் ஒவ்வொருவனுக்கும் அந்த இடம் தெரியும். எல்லோருமாக நின்று மண் போட்டவர்கள். நாலு கிழமையாக அவள் கையால் தின்றுகொண்டு, அவளுக்கு நோகாமலிருக்க எல்லோருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை. அத்தனை பேரையும் ஒரே தரத்தில் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது.

அவள் தட்டை வைத்துவிட்டு, கதிரையொன்றை இழுத்து, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"கீறுங்க மகன்."

ஸிபான் பென்சிலை எடுத்தான். மதிலிலிருந்து நான்காவது வரிசை. ஒரு சின்ன நீள்சதுரம் போட்டான். பெயர் எழுதவில்லை.

"பக்கத்துல யாரு?"

"இந்தப் பக்கம் ஒரு கைப்புள்ள சாச்சி. அந்தப் பக்கம் பள்ளியில பாங்கு சொன்ன பழைய மோதினார் அப்பா."

"மோதினார் அப்பாவா?" பஸீஹாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் வாய் சிரித்துவிட்டது. "அவருக்கு இவனக் கண்டாலே ஆகாதே. ஓதப் போகாம மாங்கா அடிக்கிறாண்டு எத்தின நாள் வாசலுக்கு வந்து ஏசிப்போட்டுப் போயீக்கிறார்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அந்த வீட்டில் அஸ்ஃபரைப் பற்றிச் சிரித்து மூன்று வருடமாகியிருந்தது.

ஜஹானா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பள்ளியிலிருந்து நேரா எங்கட வீட்டுப் பின்பக்கத்தால எறக்கினா" என்று மெல்லக் கேட்டாள், "மோட்டர் வேணுமா?"

"வேணாம்" என்றான் ஸிபான். "தண்ணி தானா எறங்கும். எனக்கி மொதல் நாளே தெரியும். ஆனா ஒங்கட வளவால போகோணும். அவன்ட கால்மாட்டுல ரெண்டு முழம் தள்ளித் தோண்டோணும். அத எப்பிடி வந்து கேக்குற?"

சரியாக அந்த நேரம் பார்த்து ஸெய்னுலாப்தீன் கடையிலிருந்து வந்து வாசலில் நின்றார். மனைவி பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதையும், அவள் விரல் தாளில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மனிதர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் பஸீஹாவும் நினைத்தாள். அவர் கிட்ட வந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"இன்னம் கொஞ்சம் இஞ்சால" என்றார், நீள்சதுரத்தின் மேல் விரலை வைத்து. "அந்திக்கு வெயில் படும். காலயில படாது." அதை அவர் ஸிபானிடம் சொல்லவில்லை, பஸீஹாவைப் பார்த்துச் சொன்னார். "அதுல ஒரு மரம் நிண்டா நல்லம்."

ஸிபான் அழித்துவிட்டு, அவர் சொன்ன இடத்தில் மறுபடி கீறினான். வளவால் குழாய் போவதைப் பற்றிக் கேட்பதற்கு வாயெடுத்தவனை ஸெய்னுலாப்தீன் கையால் அமர்த்தினார். "கடையில பைப் ஈக்கி. வந்து அளந்து எடுங்க." ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர் ஒரே நாளில் இவ்வளவு பேசினால் ஊர் நம்பாது. எழுந்து நின்றிருந்த பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்து, கலகலவென்று கதைக்கத் தொடங்கினார்கள். வெட்டிவேர் எங்கே, மருது எங்கே, தோண்டும்போது யார் யார் என்று மேசையே அமளியாயிற்று.

பஸீஹா எழும்பவில்லை. அவள் தாளில் தன் வீட்டுச் சதுரத்தையும், அதன் பின்பக்கத்தால் இறங்கும் கோட்டையும், அது போய் முடியும் இடத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள்.

"மகன், நாங்க பொம்பளைகள் வீட்டுலதானே தொழுற. எங்கட வுழூ தண்ணியயும் இதுல சேத்து விடேலுமா?"

ஸிபான் நிமிர்ந்து பார்த்தான். ஸெய்னுலாப்தீன்தான் பேசினார், மெதுவாக. "ஒரு வீட்டு வுழூ தண்ணி எவ்வளவுதான் வரும் பஸீஹா?"

"கொஞ்சந்தான் வரும்" என்றாள் அவள். "ஒரு நாளக்கி அஞ்சு நேரமும் வரும்."

ஸிபான் பென்சிலை எடுத்து, அந்த வீட்டிலிருந்து ஒரு சின்னக் கோடு கீறிக் குழாயோடு சேர்த்தான்.