ஏரிக்கரையில் ஒரு மோர்மிளகாய்

மன்னாரில் ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு என்னை இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு எடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு மூன்று வயதில் அங்கே போன அம்மா, அந்த நகரத்துச் சீசாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலியப் பெண்மணி வீட்டில் பிள்ளை பார்த்தார். ஏழு வருடம் கடிதத்தில் மட்டும் வந்த அம்மா இப்போது ஆளாகவே இருந்தார். ஆனால் அவருடைய பகல் முழுவதும் அந்த வீட்டு நான்கு வயதுப் பெண்பிள்ளைக்குச் சொந்தம்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் அந்த ஊர்ச் சனம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடும். அன்று அம்மாவுக்கு லீவு என்று நம்பியிருந்தேன். சிஞ்ஞோரா குடும்பம் மலையேரிக்கு நடக்கப் போகிறதாம், அம்மாவும் வேண்டுமாம். தனியே விட மனமில்லாமல் என்னையும் கூட்டிப்போனார். வழி முழுக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று சந்தோசப்பட்டேன்.

காட்டுக்குள்ளால் ஒன்றரை மணித்தியால ஏற்றம். பத்தடி போவதற்குள் அந்தப் பிள்ளை கால் நோகிறது என்றது. அம்மா அதை இடுப்பில் ஏற்றினார். மற்றக் கையில் சாப்பாட்டுப் பை. எனக்குப் பிடிக்கக் கை மிஞ்சவில்லை. பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு வஞ்சகம் ஒன்றுமில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஏரியைக் கண்டு எல்லோரும் வாய் பிளந்தார்கள். எங்கள் ஊர்க் குளத்தைவிடச் சின்னது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சிஞ்ஞோராவும் புருசனும் இறைச்சி சுட்டார்கள். அம்மா சோற்றை மீன்குழம்போடு குழைத்து உருண்டை பிடித்தார். அந்த உருண்டைக்கு நான் ஏழு வருடம் காத்திருந்தவள். முதல் உருண்டைக்கு அந்தப் பிள்ளை உள்ளங்கையைக் குழித்து நீட்டியது. பழகிய கை. அன்று குழம்பு ஏன் உறைப்பில்லாமல் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

“இதைக் குஞ்சுவிட்டைக் குடு பிள்ளை. நான் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்.” அம்மா உருண்டையை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

கடிதங்களில் அம்மா என்னைத்தான் குஞ்சு என்று எழுதுவார். ஊரிலிருந்து பெரியம்மா கொடுத்தனுப்பிய மோர்மிளகாய் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து உருண்டைக்குள் வைத்து, அமத்தி, அந்தக் கையில் வைத்தேன்.

பிள்ளை கடித்தது. கத்திக்கொண்டு எழும்பி ஓடியது. சிஞ்ஞோரா பதறி, முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய், தண்ணீரோடு வந்த என் அம்மாவின் சட்டையைப் பிடித்தது.

“அம்மா, உறைக்குது,” என்றது, தமிழில்.

என்ன கொடுத்தாய் என்று சிஞ்ஞோரா அம்மாவைக் கேட்டார். அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, தன் பிழைதான், கவனிக்கவில்லை என்று இத்தாலியனில் சொன்னார்.

இறங்கும்போது சிஞ்ஞோராவே பிள்ளையைத் தூக்கினார். அது அம்மாவிடம் வர வழி முழுக்க அழுதது. அம்மாவின் கை வெறுமையாக இருந்தது. நான் பிடித்தேன். அவர் உதறவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

“ஏனடி செய்தனி?” என்றார்.

அந்தக் கிழமையே, இனி வரவேண்டாம், பிள்ளையைத் தானே பார்க்கிறேன் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். மிளகாயால்தான் வேலை போனது என்று நினைத்து, எத்தனையோ பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் அந்த மிளகாயைச் சொல்லியிருக்கிறேன். சிஞ்ஞோராவின் கைகள் வெகுநேரம் விரித்தபடியே இருந்ததையும் அன்றைக்குப் பார்த்தேன்தான். அந்தக் கரையில் என்னைப்போல் பொறாமையில் வெந்த இன்னொருத்தியும் இருந்தாள் என்பதுதான் அப்போது தெரியவில்லை.