தாய்மாமன் சீரோடு நோர்வூட்டுக்கு

இந்தப் பயணத்தை எழுதச் சொன்னது எங்கள் மாதர் சங்கத்துக்குத் துணை நிற்கிற சிஸ்டர். "போன வழியை அப்படியே எழுதுங்க லெச்சுமி, இனிமே போறவங்களுக்கு ஒதவும்" என்றார். நான் மூன்றாம் வகுப்போடு கொழுந்தெடுக்க மலைக்குப் போனவள். எழுத்துப் பிழையை என் மகள் திருத்தித் தருகிறாள். வாயைத் திருத்த அவளாலும் முடியவில்லை. அதனால் நம் மாதர் குழுக்கள் ரோனியோவில் அச்சடிக்கிற இந்தத் தாளைப் படிக்கிற அக்கா தங்கச்சிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ரயில் ஏறிய ஸ்டேஷனின் பெயரை எழுத மாட்டேன். தலவாக்கலைக்கு அப்பால் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை. மாற்றினாலும் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பாக்கியம் எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் அடித்த அடியில் ஒரு காது சரியாகக் கேட்காது. ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்தே, கட்டிய சேலையோடு ரயில் ஏறி வந்துவிட்டாள். பிள்ளை சாந்தி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அழைத்து வர வழியில்லை.

எங்கள் பக்கத்து ஏற்பாடு உங்களில் சிலருக்குத் தெரியும். ஓடி வருகிற பெண் முதலில் நுழைவது ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில். முதலாளியும் அவர் பெண்சாதி சுமனா அக்காவும் சிங்களவர்கள். என்ன ஏது என்று கேட்காமல் டீ ஊற்றிக் கொடுத்து, பின்பக்கத்து அறையில் படுக்க வைப்பார்கள். பிறகு சிஸ்டர் வந்து மருந்து, ஆஸ்பத்திரி, பொலிஸ் எது வேண்டுமோ பார்ப்பார். அதன் பிறகு எங்கள் மாதர் சங்கம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்து, அவர் மேனேஜர் துரையைப் பிடித்து, தோட்டத்தில் பேர் பதிய வைப்போம். இதில் ஒரு கை விட்டாலும் மற்றவர்களால் முடியாது. பாக்கியம் இப்படித்தான் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுக்க வந்து சேர்ந்தாள்.

எடுத்த கொழுந்தைவிட, நோர்வூட் பக்கம் பார்த்து நின்ற நேரம்தான் அதிகம். "அங்கிட்டு என்னா இருக்கு? மஞ்சு மூட்டம்தானே" என்று கிண்டல் பண்ணுவேன். "மஞ்சுக்கு அந்தப் பக்கம்கா" என்பாள். நான் அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவேன்.

எண்பத்திரண்டு தை பிறக்கும்போது சேதி வந்தது. சாந்தி பெரிய மனுஷியாகிவிட்டாள், பௌர்ணமிப் போயா அன்றைக்குத் தண்ணி ஊற்றுகிறார்கள். பெற்றவளுக்கு அழைப்பு இல்லை. அன்றைக்குப் பாக்கியம் சாப்பிடவில்லை. "ஒரு செம்புத் தண்ணி. ஒரே ஒரு செம்பு. அத ஊத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தாயை வாசலில் தடுக்கலாம். தாய்மாமன் சீரைத் தடுக்க முடியாது. தடுத்த வீட்டில் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் ஆள் மிதிக்காது. ஆனால் பாக்கியத்துக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. பேக்கரியில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தோம். மாவுக் கையோடு முதலாளி வந்தார்.

"நான் பாக்கியத்த நங்கின்னுதானே கூப்பிடுறது?"

"ஆமா முதலாளி. தங்கச்சின்னுதான் கூப்பிடுறீங்க."

"அப்ப மாமா நான்தானே. என்ன கொண்டு போகணும், சொல்லுங்க."

இப்படித்தான் புறப்பட்டோம். அந்தத் தோட்டத்துத் தலைவரிடம் சிஸ்டர் முன்பே பேசியிருந்தார். சடங்கைப் போயாவில் வைக்கச் சொன்னவரும் அந்தத் தலைவர்தான். லீவு நாள், எல்லாரும் வருவார்கள் என்று சாந்தி வீட்டில் சொன்னாராம். உண்மைக் காரணம் வேறு. போயாவுக்குச் சாராயத் தவறணை பூட்டியிருக்கும்.

காலை ரயில் எட்டு மணி வாக்கில். மூன்றாம் வகுப்பு. ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு தட்டு. சீர் ஒற்றைப்படையில், ஒன்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் அல்லவா. சேலை, தாவணி, வளையல், பூ, பழம், தேங்காய், இனிப்பு, வெற்றிலை. ஒன்பதாவது தட்டில் முதலாளி பிடிவாதமாகக் கிம்புலா பனிஸ் அடுக்கியிருந்தார். முதலை மாதிரி நீளமாக, மேலே சீனி தூவின பனிஸ். "சீர்ல முதலையா?" என்றேன். "என் பேக்கரில இதுதான் நல்லது" என்றார்.

ஸ்டேஷனில் இன்னொரு கூத்து. சுமனா அக்கா போயா என்பதால் பன்சலைக்கு, அதுதான் புத்த கோயிலுக்கு, போகிற வெள்ளைச் சேலையில் வந்து நிற்கிறார். மாமன் பெண்சாதிதான் முதல் தண்ணி ஊற்ற வேண்டியவர். பாக்கியம் சிரித்தாள். சேதி வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். மாற்றுக்கு என்று பையில் வைத்திருந்த தன் அரக்குச் சேலையைக் கொடுத்து, லேடீஸ் வெயிட்டிங் ரூமில் கட்டிவிட்டாள். புருஷன் வீட்டிலிருந்து வந்தபோது உடம்பில் கட்டி வந்த சேலை அது.

தலவாக்கலை தாண்டினால் கதவோரம் நின்றுகொள்ளுங்கள். சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும். அதற்காகவே ஏறுகிறவர்கள் உண்டு. பாக்கியம் மட்டும் வண்டி போகிற திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நல்ல நாள் என்பதால் அதே பெட்டியில் இன்னொரு சீர்க் கூட்டமும் இருந்தது. அவர்கள் தட்டுக்கும் சிவப்புத் துணி, எங்கள் தட்டுக்கும் சிவப்புத் துணி. கொட்டகலையில் வண்டி நிற்கிறது. அவர்கள் அவசரத்தில் அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனதும் பயத்தில் ஆளாளுக்குத் தட்டைத் தடவிப் பார்த்தோம். என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெளிச்சம் வந்தது. முதலைத் தட்டு போய்விட்டது.

"கொட்டகலையில ஒரு பிள்ளைக்கு இன்னிக்கு முதலச் சீர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சும்மாதான் சொன்னேன். எட்டுத் தட்டோடு போனால் அதைச் சாக்காக வைத்தே வாசலில் நிறுத்துவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஹட்டனில் கடை பாதி பூட்டியிருந்தது. தட்டு வாங்க ஓடினால் பஸ் போய்விடும். அடுத்த பஸ் எப்போது என்று ரைவரிடம் கேட்டேன். "போயால்ல, வந்தா வரும்" என்றார். ஏறிவிட்டோம். ஹட்டனிலிருந்து நோர்வூட் எட்டு மைல் சொச்சம். டிக்கோயா தாண்டி, நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். கொண்டக்டர் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுச் சீரு?" என்று கேட்டார். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து, "என் மருமகளுக்கு" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நோர்வூட்டில் இறங்கி மேல்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல்பிரிவுக்கு, ஏற வேண்டும். ஏற்றம் கடுமை, ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்னால் முதலாளியும் சுமனா அக்காவும். பாக்கியம் கடைசியில், தலையில் முக்காடு, கையில் தாவணித் தட்டு. அந்தத் தாவணியை வாங்க அவள் எத்தனை மழையில், லீவு நாளில்கூட, கைக்காசுக் கொழுந்து எடுத்தாள் என்று பக்கத்து நிரைக்காரி எனக்குத் தெரியும்.

லயத்து வரிசை வீட்டு வாசலில் பந்தல். தலைவர் சொன்ன வாக்குப்படி நின்றார். பாக்கியத்தின் புருஷன் இஸ்தோப்புத் திண்ணையில் கை கட்டி நின்றான். மாமியார் படியிலேயே மறித்தார்.

"ஆரு இது, சிங்கள ஆளு?"

"தாய்மாமன். எனக்கு நங்கி இவங்க" என்றார் முதலாளி.

மாமியார் அவரை விட்டுவிட்டுத் தட்டுகளை எண்ணத் தொடங்கினார். விரலை நீட்டி, வாய்விட்டு. எட்டில் விரல் நின்றது. "எரட்டப்படச் சீர எவ வீட்டுக்குள்ள எடுப்பா? நல்ல காரியத்துக்குக் கெட்டது கொண்டாந்திருக்கீங்க. அப்படியே திரும்பிப் போங்க" என்றார்.

நான் ஏதோ நையாண்டியாகச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கே அது புதிது. பாக்கியம் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்போது பக்கத்துக் காம்பரா வீட்டுக் கதவு திறந்தது. மாரியாயி என்று ஒரு மனுஷி. கையில் பித்தளைத் தட்டு. அதில் ஒரு தேங்காய், கொஞ்சம் மஞ்சள். நேரே வந்து எங்கள் வரிசையில் கடைசியாக, பாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஒம்பது. இப்ப எண்ணுங்க" என்றாள்.

"நீ இந்த லயத்துக்காரி. இவுங்க சீர்ல எப்பிடி நிப்ப?"

"எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு செவருதான் அத்த. அவ அழுதது அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கெல்லாம் கதவச் சாத்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு அவ அக்கா மொறையில நிக்கிறேன். வேணாம்னா எனக்கும் சேத்து வேணாம்னு சொல்லுங்க."

மாமியார் மகனைப் பார்த்தார். அவன் தலைவரைப் பார்த்தான். பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.  அவன் தோளிலிருந்த துண்டை உதறிக்கொண்டு படியிறங்கித் தண்ணிப் பீலிக்கரைப் பக்கம் போனான். தலைவரும் பின்னாலேயே போனார். நாங்கள் கிளம்புகிற வரை அவனை விட்டு அவர் நகரவில்லை.

சாந்தியை மறைப்புக்குள் உட்கார வைத்திருந்தார்கள். சுமனா அக்கா உள்ளே குனிந்ததும் பிள்ளையின் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. சேலையில் நின்றது. முந்தானையில் ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தொட்டாள். பிறகுதான் வெளியே எட்டிப் பார்த்தாள். முக்காட்டுக்குள் இருக்கிற முகம் யாருடையது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுமனா அக்கா அவர்கள் வழக்கப்படி நெகத என்கிற நல்ல நேரம் பார்த்து, முதல் செம்பை ஊற்றினார். இரண்டாவது செம்பை மொண்டு, ஊற்றாமல் பின்னால் நீட்டினார். "ஓயா கன்ன" என்றார். நீ வாங்கிக்கொள் என்று அர்த்தம். பாக்கியம் ஊற்றினாள். ஒரு செம்புதான் கேட்டிருந்தாள். செம்பு காலியான பிறகும் சாய்த்தபடியே பிடித்திருந்தாள்.

பிள்ளை கேட்ட முதல் கேள்வி இது. "எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்மா?"

அதைப் பாக்கியம் சொல்லக்கூடாது. சொன்னால் அன்று சாயங்காலமே தகப்பன் காதுக்குப் போகும், அடுத்த நாள் எங்கள் பேக்கரி வாசலில் கத்தியோடு நிற்பான். அவள் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். துவட்டி முடிந்த தலையை மறுபடியும் துவட்டினாள். பிறகு, "மாரியாயி பெரியம்மாகிட்ட சொல்லி வச்சா எனக்கு வந்துரும்" என்றாள். அதுவரை எங்களுக்கு அந்தத் தோட்டத்தில் தலைவர் மட்டும்தான் ஆள். அந்த நிமிஷத்திலிருந்து இன்னொரு ஆள்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இறங்க வேண்டும் என்பது பேச்சு. சீர்த் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது அல்லவா, அதனால் ஒவ்வொன்றிலும் அரிசியும் வெற்றிலையும் போட்டுத் தந்தார்கள். தாவணி கட்டிய சாந்திதான் அடுக்கிக் கொடுத்தாள். மாரியாயியின் பித்தளைத் தட்டும் துணி மூடி எங்கள் அடுக்கில் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும். கொண்டாந்து குடுக்க வருவீங்கல்ல" என்றாள் மாரியாயி.

ரயிலில் பாக்கியம் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சுரங்கத்துக்குள் துணி விலகுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் பார்த்தோம். அரிசி இல்லை, வெற்றிலை இல்லை. சாந்தியின் பள்ளிக்கூட கவுன் மடித்து இருந்தது. பிள்ளை வளர வளர பாக்கியம் மூன்று தடவை மடிப்பு அவிழ்த்து நீளம் விட்ட கவுன். ஒவ்வொரு மடிப்பும் கோடாகத் தெரிந்தது. கடைசிக் கோட்டுக்குக் கீழே, பாக்கியம் இல்லாத நாளில் வேறு கையால் போட்ட தையல். அந்தத் தையலின் மேல் கை வைத்தபடியே வந்தாள், எங்கள் ஸ்டேஷன் வரும் வரைக்கும். கொட்டகலையில் முதலையைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனிப் போகிறவர்களுக்கு. போயா நாளாகப் பாருங்கள். பதினொரு தட்டு கொண்டு போங்கள், ஒன்று தொலைந்தால் இன்னொன்றைப் பையில் போட்டுவிடலாம், இரண்டு தொலைந்தாலும் ஒன்பது நிற்கும். துணி சிவப்பு வேண்டாம், பச்சையாக இருக்கட்டும். அந்தத் தோட்டத்துத் தலைவரின் வாக்கை வாங்காமல் கிளம்பாதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்று போவதற்கு முன்பே விசாரியுங்கள், நாங்கள் விசாரிக்கவில்லை. பிள்ளை ஊர் பெயரைக் கேட்கும். அதற்கு என்ன சொல்வது என்று ரயிலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைத் தட்டைப் பாக்கியம் புளி போட்டு விளக்கி, காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். சித்திரைப் போயாவுக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். திரும்பும்போது தட்டை நீங்கள் அடுக்காதீர்கள். பிள்ளையை அடுக்க விடுங்கள்.