மலரை வரச் சொல்லேன்

என் கணவர் சாவதற்கு முன் மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் அவளைக் கூப்பிடவில்லை. இருவரிடமும் பொய் சொன்னேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்...

மலர் எங்கள் ஒரே பெண். கூட வேலை செய்த கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் குடியேறினாள். தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இரண்டு வருடம் அவர் அவளோடு பேசவில்லை. அவள் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அப்படியொரு வீம்பு!

பிறகு அவருக்கு ஈரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் காலை, நான் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மலர வரச் சொல்லேன். பாத்து ரொம்ப நாளாச்சு."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள், பயந்துபோனேன்! ஏன் தெரியுமா? என் மாமனார் பத்து நாள் நினைவில்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தார். யாரையோ பார்க்கத்தான் உயிர் காத்திருக்கிறது என்றார்கள். படப்பையிலிருந்து அவர் தம்பி வந்து வாயில் பால் விட்டதும் அடங்கிப்போனார். இவரும் மகளைப் பார்த்துவிட்டால்...? பார்க்காதவரை இருப்பார் என்று நம்பினேன். பி.ஏ. படித்தவள்தான் நான். இருந்தும் நம்பினேன்.

"போன் பண்ணேங்க. லீவு கெடைக்கலயாம்" என்றேன்.

"இன்னும் எம் மேல கோவம் போல" என்று சிரித்தார்.

மலரோ தினமும் போனில் கேட்டாள். "நான் வரட்டுமாம்மா?"

"வேணாம்டி. ஒன்னப் பாத்தா கத்துவாரு. உடம்புக்கு ஆகாது."

மறுநாளும் அவர் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் நாள் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அன்று மதியம் போய்விட்டார்.

பயம் மட்டும்தானா? என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்... இருபத்தாறு வருடத்தில் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்தவரில்லை அவர். அந்த ஒரு வாரம் நர்ஸ் வந்தாலும் விடாமல் பிடித்திருந்தார். நாற்பத்தெட்டு வயதில் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டேன்! மகள் வந்தால் அந்தக் கை அவள் பக்கம் போய்விடுமே என்று மனதின் ஓரத்தில் ஓர் எண்ணம் இருந்ததா? இருந்தது.

மலர் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னக் கேக்கவே இல்லையாம்மா?"

"இல்லடி" என்றேன். கேட்டார் என்றால், ஏன் கூப்பிடவில்லை என்பாளே!

அதன்பின் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த என்னை எழுப்பி உட்காரவைத்தவள் அவள்தான். ஞாயிறுதோறும் மாப்பிள்ளையும் குழந்தையுமாக ரயிலேறி வந்துவிடுவாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். வெளிறிய புடவையாகவே கட்டுகிறேன் என்று சண்டை போடுவாள். பேத்தி மடியில் ஏறிக் கன்னத்தைக் கிள்ளும்போது நான் சிரிக்கிறேன். ஆமாம், வாய்விட்டுச் சிரிக்கிறேன்! உண்மையைச் சொன்னால் அவளுக்கு அப்பா கிடைப்பார். எனக்கு மகள் போய்விடுவாள். இதை நினைத்துத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வாயை மூடிக்கொள்கிறேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னாள்.

"அப்பா மேல இருந்த கோவம்லாம் போய்டுச்சும்மா. கடைசி வரைக்கும் என்னப் பாக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல. பரவால்ல... மன்னிச்சிட்டேன்."

அவர் செய்யாத தப்புக்கு அவருக்கு மன்னிப்பு! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது...

"நல்லதும்மா" என்றேன். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.