காவற்கூண்டில் ஆளில்லை

பிலோமினம்மாவுக்கு ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். கனடாவில், மொன்றியலில் அவளும் நானும் ஒரே தையல் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷின். நான் காற்சட்டைக்குப் பொக்கற் பிடிப்பேன், அவள் சிப் வைப்பாள். ஆறு வருடத்தில் எதற்கும் வாய் திறந்து கேட்டதில்லை. அதுதான் எனக்கு அவளில் உள்ள கோபம். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

தொண்ணூற்றாறு கார்த்திகையில் அவளுடைய ஒரே மகள் பிரஷாந்தினிக்கு விசா சரிவந்தது. பத்து வயதில் வவுனியாவில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இப்போது பதினேழு. மாசியில் வந்துவிடுவாள். பிலோமினம்மா இருந்ததோ சென்ட் லோரன்டில் நாலு பெண்கள் படுக்கிற ஒரு அறையில். ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டான். "பிள்ளையை எங்க படுக்க வைப்பன் ராணி?" என்று அவள் கேட்ட அன்றைக்கே நான் வீடு தேடத் தொடங்கினேன்.

லாசாலில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு காலி என்று விசாரித்து அறிந்தவள் நான். விண்ணப்பம் நிரப்பியவளும் நான். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பட்டாளத்து முகாம் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்ற பயம். அவளுடைய புருஷனை ஊரில் அப்படியொரு முகாமுக்குள்தான் கொண்டுபோனார்கள். அந்த மனுசன் திரும்பி வரவில்லை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு நேர்முகம். மொழிபெயர்க்க வேண்டியவள் என்பதால் நான் முன்னதாகவே போய் உள்ளே உட்கார்ந்துவிட்டேன். பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று, ஆளைக் காணோம். குழுத் தலைவி மதாம் ஒடெத் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று பக்கத்தில் இருந்தவர் ஃபைலை மூடிவிட்டார். அறுந்துபோவாள், இன்றைக்குப் பார்த்தா பஸ்ஸை விடுவாள் என்று புறுபுறுத்தபடி நான் ஜன்னலருகே போனேன்.

வாசலில் நிற்கிறாள்!

செங்கல் மதிலில் கதவில்லாத வாசல். மேலே கல்லில் செதுக்கிய இரண்டு பட்டாளத்துத் துவக்குகள். ஓரத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மரத்தாலான பழைய காவற்கூண்டு. அதற்கு முன்னால், கொட்டுகிற பனியில், தலையைக் குனிந்து, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி பிலோமினம்மா.

ஓடினேன். "உமக்கென்ன விசரே? உள்ள வாறதுதானே!"

"சென்றி கையைக் காட்டேல்லை ராணி. எப்பிடி வாறது?"

"ஆர் சென்றி? கூட்டுக்குள்ள ஒரு மனுசரும் இல்லையெல்லே!"

"ஓம், பாத்தனான். ஆளில்லாட்டி வருமட்டும் நிக்கவேணும். காட்டாமல் போனால் சுடுவாங்கள்."

அப்போது அவள் அங்கே நாற்பது நிமிடம் நின்றாயிற்று. யாழ்ப்பாணத்தில் முகாம் வாசலுக்கு ஐம்பது யார் தூரத்துக்கு முன்னரே சைக்கிளால் இறங்கி உருட்டுவோம். சென்றியில் நிற்கிற ஆமிக்காரன் கை காட்டும்வரை அசையமாட்டோம். பத்து வருடமாக இங்கே இருக்கிற நானே காலையில் அந்த வாசலில் காரை மெதுவாக்கினேன். இவளை ஏசி என்ன? சொல்லாமல் கூப்பிட்ட என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பின்னாலேயே மதாம் ஒடெத் வந்துவிட்டார். நான் அழுகையும் ஆத்திரமுமாகப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பிலோமினம்மாவின் கையைக் கோத்து உள்ளே நடத்தினார். நடந்தபடியே அந்த இடத்தின் கதையைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். முதலில் இருந்தது குதிரைப் பட்டாளம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு அறைக்கு நாற்பது கட்டில் போட்டு, கப்பலேறக் காத்திருந்த இளைஞர்களைப் படுக்க வைத்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு நகரத்தில் வீடு கிடைக்கவில்லை. மனைவி பிள்ளைகளோடு இங்கேயே குடியேறினார்கள்.

"நான் பிறந்தது அந்த மேல்மாடியில். கவாத்துப் பழகிய முற்றத்தில் என் அம்மா கொடி கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டார்," என்றார் மதாம். பிறகு அது களஞ்சியமாகி, பூட்டிக் கிடந்து, இடிக்க வந்தபோது அவரும் அயலவர்களும் மறித்து நின்று வீடுகளாக்கினார்களாம்.

பிலோமினம்மா நின்றுவிட்டாள். "இஞ்ச பிள்ளையள் பிறந்ததோ?"

"ஓம், இவவே இஞ்ச பிறந்தவதான்," என்றேன்.

மூடிய ஃபைலை மதாம் திறக்க வைத்தார். அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டும். என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மாடிப்படி துடைப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு வருடம் வாய் திறக்காதவள் முந்திக்கொண்டாள்.

"வாசல் பனியை நான் தள்ளுறன். தள்ளுற சவளை அந்தக் கூட்டுக்குள்ள வைக்கலாமோ எண்டு கேளும்."

வீடு கிடைத்தது. மாசியில் என் புருஷன் யோகேந்திரன் மிராபெல் விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிவந்தார். வழி முழுக்கத் தாயும் மகளும் கையை விடவில்லை. காலையில் தள்ளிய பனி மறுபடி கொட்டி வாசலை மறித்துக் கிடந்தது. "சவளை எடுக்கிறன்," என்று பிலோமினம்மா இறங்கி, கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகக் கூண்டுக்குள் போனாள். நானும் யோகேந்திரனும் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினால், பிரஷாந்தினி வாசலில் நிற்கிறாள். தலை குனிந்திருக்கிறது. அடையாள அட்டை நெஞ்சுக்கு நேரே.

நான் வாயைத் திறக்கவில்லை. என் சீவியத்தில் அப்படி நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கூண்டுக்குள் பிலோமினம்மா மகளைக் கண்டாள். சவளைச் சாத்திவைத்தாள். வலது கையை வெளியே நீட்டி, உள்ளே வா என்று இரண்டு தரம் காட்டினாள்.

"வா மோனை. சென்றியில நிக்கிறது அம்மாதான்."